கம்பியில் கோர்த்த கம்மல்கள்

இன்று காலையில் நீங்கள் குடித்த காபியின் பால் எந்த மாட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை என்று நினைக்கிறீர்கள். அந்த மாடு எந்த ஊரிலிருந்து எந்த வண்டியில் ஏறி வந்தது, தடுப்பூசி போட்டிருந்ததா, வரும் வழியில் யாராவது அதன் வாயைத் திறந்து பார்த்தார்களா என்பதையெல்லாம் யாரோ கவனித்துக்கொள்வார்கள் என்பது உங்கள் நம்பிக்கை. அந்த யாரோவுக்கு ஒரு பெயர் உண்டு. இசக்கிதுரை. செங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்க்காரர். வயது ஐம்பத்து மூன்று. சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்து, கறவை மாடுகளை மலை தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். போன சித்திரை வரைக்கும் அதுதான் தொழில். இப்போது அந்த வண்டி அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. மூடிப்போட வைத்தது அவர் செய்த தவறு என்கிறது அவருக்கு வந்த நோட்டீஸ். என்ன தவறு என்பதை நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

இசக்கிதுரையின் அப்பா குத்தகைக்கு நெல் போட்டவர். நிலத்துக்காரர் ஒரு நாள் வயலில் கல் நட்டு மனை பிரித்தார். உழவு மாடு இரண்டையும் விற்றுவிட்டு அப்பா சும்மா உட்கார்ந்தார். மகன் அடுத்தவர் வண்டிக்கு ஓட்டுநராகப் போனார். சீசன் மாதங்களில் ஐந்தருவிக் கடைகளுக்கு ரம்புட்டானும் மங்குஸ்தானும் சிப்ஸ் மூட்டையும் ஏற்றுவார். சாரல் நின்றால் கடையும் இல்லை, சரக்கும் இல்லை. மீதி மாதங்களுக்கு வாழைத்தார், செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று கிடைத்ததை ஏற்றினார். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்து மாடுகளைத் தேடி வருவார்கள். அவர்களில் ஒருவருக்காக ஒரு மாட்டை ஏற்றினார். அது காயம் படாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்தவர் கேட்டார். கொஞ்ச காலத்தில் அதுவே பிழைப்பாயிற்று. சொந்த வண்டியும் வந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வரை அவரும் மற்ற வண்டிக்காரர்களைப் போலத்தான் இருந்தார். சந்தையில் ஏற்றச் சொன்ன மாட்டை ஏற்றினார். அப்படி ஏற்றிய ஒரு மாட்டை, வாங்கியவர் மறுநாள்தான் வரமுடியும் என்றதால், ஒரு ராத்திரி தன் தொழுவத்தில் கட்டினார். அதற்கு வாயில் எச்சில் கொஞ்சம் அதிகமாக வழிந்தது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் மனைவி பார்வதியம்மாளின் மாடு தீனி எடுக்காமல் நின்றது. நாக்கில் கொப்புளம். குளம்புப் பிளவில் கொப்புளம். கோமாரி.

அதோடு முடிந்திருக்கும். ஊர் முடிய விடவில்லை. இரண்டு வருடமாக அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடக்கவில்லை, அந்தக் கோபம்தான் இது என்றார்கள். ஊரிலிருந்த மாடுகள் அத்தனையையும் கோயில் முன்னால் ஓட்டி வந்து, நெருக்கி நிறுத்தி, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஒரே அண்டாவில் அத்தனைக்கும் தண்ணீர் காட்டினார்கள். நோய்க் கிருமிக்கு இதைவிடப் பெரிய விருந்தை எதிரிகூட வைத்திருக்க முடியாது. பத்து நாளில் ஊரில் பதினான்கு கன்றுகள் செத்தன. இந்த நோய் பெரிய மாட்டை வதைத்துவிட்டு விட்டுவிடும். பால்குடிக் கன்றை நெஞ்சில் அடித்துக் கொல்லும். பார்வதியம்மாளின் கன்று அதில் ஒன்று.

அதன் பிறகுதான் இசக்கிதுரை கால்நடை மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்த மருத்துவர் அவரைத் திட்டவில்லை. உட்காரவைத்து விளக்கினார். கிருமி எச்சிலில் போகும், குளம்பில் போகும், வண்டிச் சக்கரத்தில் போகும், உங்கள் செருப்பில்கூடப் போகும் என்றார். எல்லை தாண்டும் மாட்டுக்கு ஏன் தடுப்பூசி கேட்கிறார்கள், ஏன் காதில் எண் வேண்டும், ஏன் ஊசி போட்டுச் சில வாரம் கழித்துத்தான் ஏற்றவேண்டும், ஏன் வழியில் சாவடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இசக்கிதுரை எட்டாம் வகுப்பு. ஆனால் ஒரு விதிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தன் வண்டியில் ஏறும் மாடு நோயோடு ஏறக்கூடாது, நோயோடு இறங்கவும் கூடாது.

அதற்காக அவர் என்னவெல்லாம் செய்தார் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சந்தை மாட்டை ஏற்றுவதை விட்டார். வீட்டில் வளர்ந்த மாட்டை மட்டும், ஊசி போட்ட அட்டையைப் பார்த்து, மருத்துவர் சான்று வாங்கி ஏற்றினார். ஒரு நடைக்கு ஒரு மாடு, அதன் கன்று. வண்டித் தரையில் ஆற்று மணல். மாட்டுக்கென்று தனி வாளி, தனிக் கேனில் தண்ணீர். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் சலவைச் சோடா கரைத்து வண்டியையும் சக்கரத்தையும் தன் செருப்பையும் கழுவினார். கிருமியைக் கொல்ல அந்தச் சாதாரணச் சோடாவே போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மற்ற வண்டிக்காரர்கள் அவருக்குக் கம்பவுண்டர் என்று பெயர் வைத்தார்கள்.

“என்ன கம்பவுண்டரே, மாட்டுக்குப் பல்லு வெளக்கி விட்டாச்சா?”

“வெளக்கியாச்சு. ஒம்ம மாட்டுக்குப் பல்லு இருக்கான்னு மொதல்ல பாரும்” என்பார் இவர்.

ஆறு ஆண்டில் அவர் வண்டி வழியாக ஒரு நோயும் மலை ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

போன சித்திரையில் சிவகிரிப் பக்கம் வடிவம்மாள் என்பவரின் செவலை மாடு விலையாயிற்று. ஈன்று பதினாறு நாள். கிடாரிக் கன்று. வாங்கியவர் தென்மலைக்கு அருகில் ரப்பர் பால் வெட்டும் ஜாய். வடிவம்மாள் மாட்டைப் பிள்ளைபோல வளர்த்தவர். முகாம் போட்டால் முதலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். தடுப்பூசிகள் ஒன்று விடாமல் அட்டையில் இருந்தன. ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மருத்துவர் வந்தார். காதில் தொங்கிய மஞ்சள் வில்லையின் எண்ணைப் பார்த்துச் சான்றில் எழுதினார். ஊரில் அந்த வில்லையைக் கம்மல் என்பார்கள். கன்று ஊசி போடும் வயதுக்கு வராததால் தாயின் சான்றிலேயே அதையும் சேர்த்தார். இசக்கிதுரை பக்கத்தில் நின்று எண்ணைத் தானும் ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்தார்.

மறுநாள் வியாழக்கிழமை விடிந்ததும் வண்டியோடு போனார். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை விற்றாலும் அது கட்டியிருந்த கயிற்றை விற்பதில்லை. கயிறு போனால் மாட்டோடு வீட்டின் பாலும் போய்விடுமாம். பழைய கயிற்றை அவிழ்த்து வீட்டில் வைத்துக்கொண்டு, வாங்குகிறவர் கொண்டுவரும் புதுக் கயிற்றில் கட்டி அனுப்புவார்கள். இசக்கிதுரையும் புதுக் கயிறு கொண்டுபோயிருந்தார். செவலை நெற்றியெல்லாம் குங்குமம், முகம் காது முழுக்க மஞ்சள் அப்பி நின்றது. வடிவம்மாள் அழுதுகொண்டே வழியனுப்பினார். அழுகிற வீட்டில் நின்று மாட்டின் காதைத் திருப்பிப் பார்க்க இசக்கிதுரைக்குக் கூச்சமாக இருந்தது. நேற்றுத்தானே பார்த்தோம் என்று வண்டியை எடுத்தார்.

ஆறு ஆண்டில் அவர் செய்த ஒரே தவறு அந்தக் கூச்சம்.

எல்லையில் ஒரு சாவடி. எந்த வழியில் இருக்கும் சாவடி, எந்தத் துறையின் சாவடி என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவையெல்லாம் ஒழுங்கு என்று நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். சக்கரம் முங்கிப் போக மருந்துக் கரைசல் நிரப்பவேண்டிய பள்ளத்தில் காய்ந்த சேறும் தேநீர்க் கோப்பைகளும் கிடந்தன. பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு சிமெண்டுத் தொட்டி. சக்கரங்களுக்கு மருந்தடிக்கத் தினக்கூலிக்கு உலகம்மை என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். முதுகில் தெளிப்பான் இருந்தது. உள்ளே மருந்து இல்லை. வண்டி வந்தால் எழுந்து நின்று, வெறும் குழாயைச் சக்கரத்துக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். காட்டச் சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்கு இசக்கிதுரை போய்ச் சேர்ந்தார். அதிகாரி சான்றை வாங்கி வாசித்தார். ஆச்சரியம், எழுந்தும் வந்தார். மாட்டின் காதைத் தொட்டார். மஞ்சள் விரலில் ஒட்டியது. மஞ்சளுக்கு அடியில் ஒரு துளை மட்டும் இருந்தது.

“கம்மல் எங்கவே?”

இசக்கிதுரை துளையை விரலால் தடவிப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் இருந்தது என்றார். கைப்பேசியில் மருத்துவர் மாட்டோடு நிற்கும் படத்தைக் காட்டினார். காதில் வில்லையும் எண்ணும் துலக்கமாகத் தெரிந்தன. படம் செல்லாது என்றார் அதிகாரி. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

சாவடியில் சிக்னல் கிடையாது. வளைவு வரை நடந்து போய் வடிவம்மாளைக் கூப்பிட்டார். கம்மலை அவர்தான் பாக்குவெட்டியால் நறுக்கி எடுத்திருக்கிறார். மாட்டுக்கு வலிக்காமல் பதமாக எடுத்தேன் என்று அதையும் சொன்னார்.

“கயித்தக் குடுத்தா பாலு போயிரும்னுதான எடுத்து வைக்கோம். கம்மலும் அது ஒடம்புல கெடந்ததுதான தம்பி? வெளக்கு முன்னால வச்சிட்டேன்.”

“அக்கா, அது நகை இல்ல. அந்த மாட்டோட நம்பரு. அது இல்லாம இங்கன விடமாட்டேங்காங்க.”

“நம்பருதான் ஒங்க பேப்பர்ல இருக்குல்லா? வெளக்கு முன்னால வச்சத இன்னைக்கே எடுக்க மாட்டேன். நாளைக்கு வெள்ளி. சனிக்கிழம வந்து வாங்கிக்கிடுங்க.”

தடுப்பூசியை நம்புகிற பெண். அதே கையால் பாக்குவெட்டி எடுக்கிறார். கோபப்படுங்கள், படவேண்டியதுதான். ஆனால் முழுக் கோபத்தையும் அவர் மேலேயே செலவழித்துவிடாதீர்கள்.

இசக்கிதுரை திரும்பி வந்தபோது அவர் வண்டியை ஒட்டி ஒரு பெரிய லாரி நின்றது. உள்ளே எத்தனை மாடு என்று எண்ண முடியவில்லை. ஒன்றின் கொம்பு அடுத்ததன் விலாவில் இருந்தது. கிளீனர் இறங்கி வந்தான். கையில் ஒரு கம்பி வளையம். அதில் சாவிக்கொத்துப்போல மஞ்சள் கம்மல்கள் கோர்த்திருந்தன. முப்பது நாற்பது இருக்கும். கூடவே ஒரு கட்டுச் சான்றுகள். உள்ளே இருந்த ஊழியர் வளையத்திலிருந்து எண் எண்ணாக வாசித்தார். இன்னொருவர் சான்றில் குறி போட்டார். ஒரு காதையும் யாரும் பார்க்கவில்லை. காது இல்லாத கம்மல்கள் அத்தனையும் தேறின. கம்மல் இல்லாத ஒரே காது வெயிலில் நின்றது.

எழுத்து வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கிளீனர் சிமெண்டுத் தொட்டியில் வாளியை முக்கி முக்கி லாரி மாடுகளுக்குக் காட்டினான். மிச்சத்தைத் தொட்டியிலேயே திரும்ப ஊற்றினான். ஓரத்தில் நின்ற ஒரு காளையின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. இசக்கிதுரைக்கு அந்தச் சத்தம் தெரியும். அதிகாரியின் மேசைக்கு ஓடினார்.

“சார், ஓரத்துக் காளையப் பாருங்க. வாய் ஒழுகுது. கால் ஊணமாட்டேங்கு. கோமாரி சார்.”

“நீரு டாக்டரா?”

“இல்ல சார். பட்டவன்.”

“பட்டவன்னா உம்ம மாட்டப் பாரும்வே. அவன் பேப்பரு சரியா இருக்கு.”

கேட்டீர்களா? இந்தப் பதிலுக்கும் வடிவம்மாளின் பதிலுக்கும் என்ன வேறுபாடு? கயிறு வீட்டில் இருந்தால் பால் வீட்டில் இருக்கும் என்று அவர் நம்புகிறார். காகிதம் கட்டில் இருந்தால் நோய் காட்டுக்குப் போய்விடும் என்று இவர்கள் நம்புகிறார்கள். மாட்டைப் பார்க்காமல் கொடுத்த சான்றும், மாட்டைப் பார்க்காமல் அதில் போட்ட குறியும் தாயத்தைவிட என்ன விதத்தில் உயர்ந்தவை? அந்த அம்மாளுக்குச் சொல்லித்தர ஆளில்லை. இவர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம்.

லாரி மலை ஏறிப் போய்விட்டது.

செவலைக்கு இசக்கிதுரை கொண்டுவந்திருந்த தண்ணீர் நடுப்பகலோடு தீர்ந்தது. தொட்டித் தண்ணீரைத் தொடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பக்கத்துத் தேநீர்க்கடையில் கேட்டார். சித்திரையில் குடம் தண்ணீருக்கு அவர்களே அலைந்தார்கள். இரண்டு செம்பு கொடுத்தார்கள். ஈன்ற மாடு, கன்று வேறு முட்டிக் குடிக்கிறது. மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவர் வந்து புது வில்லை போட்டுத்தர முடியுமா என்று கேட்க மறுபடியும் வளைவுக்குப் போனார். மருத்துவர் வேறொரு ஊரில் முகாமில் இருந்தார். மறுநாள்தான் வரமுடியும் என்றார்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உலகம்மை நின்றிருந்தார். கையில் வாளி. செவலை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது. கன்று வாளியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

“தவிச்சுப் போயி நின்னுச்சு அண்ணாச்சி. பாக்க மனசு கேக்கல. தொட்டில இருந்து ரெண்டு வாளி கோரிக் குடுத்தேன்.”

இசக்கிதுரை வாளியை வாங்கி ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சாவடியில் நாள் முழுக்க ஒரு மாட்டின் முகத்தைப் பார்த்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். அவருக்கு இரக்கம் இருந்தது. கிருமி எச்சிலில் போகும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதுகில் தெளிப்பானை மாட்டிவிடத் தெரிந்தவர்களுக்கு அது எதற்கு என்று சொல்லித்தர ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

நான்கு மணிக்குச் சான்றின் மேல், காது வில்லை இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். விதிப்படி அது சரி. அதை இசக்கிதுரையே ஒப்புக்கொள்கிறார். நோய் இல்லாத மாட்டை ஆறு மணி நேரம் நோய் வந்துபோன இடத்தில் நிறுத்தி, நோயின் தண்ணீரைக் குடிக்கவிட்டு, பிறகு விதிப்படி ஊருக்குள் அனுப்பினார்கள்.

வடிவம்மாளைக் கூப்பிட்டார். கயிறு மாற்றி அனுப்பிய மாட்டைத் திரும்ப வாசல் ஏற்றினால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் போனை வைத்துவிட்டார். தன் தொழுவத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே பார்வதியம்மாளின் இரண்டு மாடு, சுற்றிலும் ஊர் மாடு. வழியிலேயே வண்டியை நிறுத்தி முகம்மது கனியைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஊருக்கு வெளியே, ஓடாமல் கிடக்கும் அரிசி மில் அவருடையது. விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

“கொண்டு வாலே” என்றார் கனி. “நெல்லு வராத மில்லுக்கு மாடாவது வரட்டும்.”

உயர்ந்த சுவர் சூழ்ந்த மில் களத்தில் செவலையும் கன்றும் இறங்கின. இசக்கிதுரையும் அங்கேயே தங்கினார். வாசலில் சலவைச் சோடாத் தண்ணீரில் சாக்கை நனைத்துப் போட்டு, மிதிக்காமல் போகவோ வரவோ மாட்டார். மில்லுக்குள் உடுத்திய துணியோடு வெளியே வரவில்லை. கறந்த பாலைக் குழியில் ஊற்றினார். பார்வதியம்மாள் தூக்குச்சட்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டு எட்ட நின்று பேசிவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் செவலையின் வாயில் நுரை கட்டியது. நாக்கில் சின்னதாக ஒரு புண். ஊசி போட்ட உடம்பு, தாங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். கன்றுக்கு ஊசி கிடையாது. ஆறாம் நாள் காலையில் அது முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று காம்பை விட்டது. முன்னங்கால் மடிந்தது. வாயில் பால் இருந்தபடியே செத்துப்போனது.

களத்தின் மூலையில் ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். கைகால் கழுவிக்கொண்டு இசக்கிதுரை கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினார். கனி தடுத்தார்.

“சொன்னா ஒம் மேலதான்லே விழும். மாடு பொழச்சிரும், கன்னு மண்ணுக்குள்ள போயாச்சு. யாருக்குத் தெரியப்போவுது?”

“அந்த லாரி போன பாதையில எத்தன கன்னு நிக்கோ கனி. சொல்லாம எப்படி இருக்க?”

போய்ச் சொன்னார். சாவடி, லாரி, தொட்டி எல்லாவற்றையும் சொன்னார். தன் கூச்சத்தையும் சொன்னார். மறுநாளே மருத்துவக் குழு வந்து சுற்றியுள்ள ஊர்களின் மாடுகளைச் சோதித்தது, விடுபட்டவற்றுக்கு ஊசி போட்டது. மில் சுவருக்கு வெளியே ஒரு மாட்டுக்கும் நோய் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் பதினான்கு கன்றுகளைத் தின்ற நோயை இந்தத் தடவை ஒற்றை மனிதர் ஒரு மூட்டை சலவைச் சோடாவை வைத்துக்கொண்டு நிறுத்தியிருந்தார்.

அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? குழு வந்து போனதைப் பார்த்த ஊர், இசக்கிதுரை கோமாரியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்றது. வராத நோயைக் கொண்டுவந்தவர் ஆனார். பார்வதியம்மாளின் பாலை மூன்று வாரம் யாரும் வாங்கவில்லை. கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லி அவருக்கு யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். அன்று அண்டாவில் தண்ணீர் காட்டியவர்களும் அவர்களில் உண்டு. ஜாய் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு மாடு வாங்கிக்கொண்டார். செவலை தேறிவிட்டது, பால் பாதியாகிவிட்டது, இன்னும் மில் களத்தில்தான் நிற்கிறது. மாதம் முடிவதற்குள் நோட்டீஸ் வந்தது. காது வில்லை இல்லாத மாட்டை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல முயன்றதற்காக, விசாரணை முடியும்வரை அந்த வண்டியில் கால்நடை ஏற்றக்கூடாது. முழுக்க உண்மை, ஒரு பொய்யும் இல்லாத நோட்டீஸ். லாரிக்கு நோட்டீஸ் இல்லை. அதன் காகிதத்தில் குறையே இல்லையே. அடுத்த வியாழக்கிழமையும் அது செங்கோட்டை வழியாகத்தான் போனது. இசக்கிதுரை தேநீர்க்கடையில் நின்று பார்த்தார்.

விதிகள் தவறா? ஒருபோதும் இல்லை. இந்த விதிகளை எடுத்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களை நம்பாதீர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு லாரி இருக்கும். தடுப்பூசியும், காது எண்ணும், சாவடியும் மனித அறிவு சம்பாதித்துக் கொடுத்த சொத்து. அதை வெறும் சடங்காக்கி, அறிவோடு நடந்தவனைத் தண்டிக்கும் கருவியாக்கியதுதான் அநியாயம். விதியைக் கடைப்பிடித்தவர் வண்டியை மூடிவிட்டார். இனி அந்த மலைப்பாதையில் யார் மாடு ஏற்றுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இசக்கிதுரை ஒரு மனு எழுதியிருக்கிறார். படித்த மகள் ஒருத்தி உண்டு; அவள் சொல்லச் சொல்ல எழுதவில்லை, தானே எழுதினார். சாவடியில் மருந்து நிரப்பவேண்டும், தொட்டியை ஒவ்வொரு வண்டிக்குப் பிறகும் கழுவவேண்டும், எண்ணைக் காதில் பார்த்த பிறகே குறி போடவேண்டும், மருந்தடிக்கிறவருக்கு மருந்தும் பயிற்சியும் கொடுக்கவேண்டும் என்று இரண்டு பக்கம். பார்வதியம்மாள் வாசித்துவிட்டுக் கேட்டார்:

“ஊருக்கெல்லாம் கேட்டிருக்கீங்க. நம்ம வண்டிய விடச் சொல்லி ஒரு வரி எழுதலியே?”

“அதச் சேத்தா, வண்டிக்காக எழுதுதாம்னு மத்ததத் தூக்கித் தூரப் போட்ருவாம்ட்டி.”

மனுவை வாங்கிய ஓர் அதிகாரி பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, இதை நீர் ஒருவர்தானே சொல்கிறீர், மாடு வைத்திருக்கிற வேறு யாரும் புகார் தரவில்லையே என்று கேட்டாராம். பதில் உங்களிடம் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். மாடு வைத்திருந்தாலும் சரி, பால் வாங்கிக் குடிப்பவராக மட்டும் இருந்தாலும் சரி, இங்கே படித்ததை, உங்கள் ஊர்ச் சாவடியில் பார்த்ததை, ஒரு தாளில் உங்கள் கையால் எழுதுங்கள். அவர் எழுதிய கோரிக்கைகளையும், அவர் எழுத மறுத்த அந்த ஒரு வரியையும் நீங்கள் சேர்த்து எழுதுங்கள். பத்து மணிக்கு இசக்கிதுரை வரிசையில் நிற்பார். அவருக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.